வரவறிந்து வாழ்வோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் கற்றறிந்த அறிஞர்கள். நானோ பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் சம்பளப் பட்டியலைச் சரிபார்க்கும் ஒரு குமாஸ்தா. இலக்கியம் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இம்மும்பை மாநகரில் மாதச் சம்பளம் வாங்கிப் பிழைக்கும் நம்மவர் கையில் பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். ஆதலால் சிக்கனத்தையும் சேமிப்பையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு, வறுமை வேறு. வாடகைக்கும் அரிசிக்கும் போதாத கூலி வாங்குகிறவனைப் பார்த்து, 'நீ ஏன் சேமிக்கவில்லை?' என்று கேட்பது அறிவும் அன்று, அறமும் அன்று. அவனுக்கு வேண்டியது நல்ல கூலியே அன்றி நம் உபதேசம் அன்று. ஓரளவேனும் நிலையான வருவாய் உள்ள நம்மைப் போன்றவர்களை நோக்கியே நான் பேசுகிறேன்.

விலைவாசி ஏறுகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆண்டுக்கு ஆறு விழுக்காடு விலை ஏறினால், இன்று நூறு ரூபாய்க்கு வாங்கும் பொருள் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இருநூறு ரூபாய் ஆகிவிடும். நம் ஊரில் சொந்த ஓட்டு வீடு இருந்தது. கொல்லையில் முருங்கை இருந்தது. இங்கோ பதினொரு மாத ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் வாடகை உயர்கிறது, முன்பணமும் உயர்கிறது. இவ்வாறிருக்க எங்கே சேமிப்பது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஆயினும் என் மேசைக்கு வரும் பட்டியல்கள் வேறொன்றையும் சொல்கின்றன. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே தரத்தில், ஒரே சம்பளம் பெறும் இருவர். இருவருக்கும் இரண்டு பிள்ளைகள். ஒருவருக்குப் பிடித்தம் போகக் கைக்கு வருவது நிறைவாக இருக்கிறது. மற்றவருக்கோ கூட்டுறவுச் சங்கக் கடன், வங்கிக் கடன் என்று பாதிச் சம்பளம் வீட்டுக்கு வருமுன்பே போய்விடுகிறது. இருவரும் ஒரே கடைத்தெருவில்தான் அரிசி வாங்குகிறார்கள். அப்படியானால் விலைவாசி ஒன்றை மட்டுமே குற்றம் சாட்டுவது எப்படிப் பொருந்தும்?

வேற்றுமை எங்கே இருக்கிறது? நான் கண்ட வரையில் அது இதில்தான் இருக்கிறது: செலவுகளில் தேதி தெரிந்த செலவு, தேதி தெரியாத செலவு என்று இருவகை உண்டு. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் வரும். ஐப்பசியில் தீபாவளி வரும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போக வேண்டும். இவை எல்லாம் தேதி தெரிந்த செலவுகள். ஆனால் ஆண்டுதோறும் ஏதோ திடீரென்று இடி விழுந்தாற்போல் நாம் திகைக்கிறோம், கடன் வாங்குகிறோம். பள்ளிக்கூடம் திறப்பது விபத்தா? தீபாவளி வருவது விபத்தா?

ஒரு தாளை எடுத்து இச்செலவுகளை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு அறுபதினாயிரம் ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஐயாயிரம். அவ்வையாயிரத்தைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் ஒதுக்கிவிட்டால், ஜூன் மாதமும் தீபாவளியும் நம்மை அச்சுறுத்தா. ஐயாயிரம் ஒதுக்க இயலவில்லை என்றால், அறுபதினாயிரத்துக்குச் செலவு செய்ய நமக்கு வசதி இல்லை என்பது ஆண்டின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அப்போது எதைக் குறைப்பது என்று கணவனும் மனைவியும் அமர்ந்து அமைதியாகப் பேசலாம். கடன்பட்ட பின் பேசினால் அது பேச்சாக இராது; சண்டையாகத்தான் இருக்கும்.

என் துறையைச் சார்ந்த ஓர் எடுத்துக்காட்டும் சொல்கிறேன். இரயில்வே ஊழியருக்குத் துறை இலவசப் பயணச் சலுகை தருகிறது. உங்களுள் பெரும்பாலோர்க்கு அது இல்லை. 2024 நவம்பர் முதல் நாளிலிருந்து அறுபது நாள் முன்னதாகத்தான் பயணச்சீட்டு முன்பதிவு செய்யலாம். முன்பு நூற்றிருபது நாளாக இருந்தது. அந்த அறுபதாம் நாளை விட்டுவிட்டுத் தத்கால் முறைக்குப் போனால், இரண்டாம் வகுப்பு நீங்கலாகப் பிற வகுப்புகளில் அடிப்படைக் கட்டணத்தில் முப்பது விழுக்காடு, குறித்த வரம்புகளுக்குள், கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. நான்கு பேர் உள்ள குடும்பம் அவ்வாறு இழக்கும் தொகையில் ஒரு பிள்ளைக்குச் சீருடை வாங்கிவிடலாம்.

இனி, தேதி தெரியாத செலவு. நோய், வேலையிழப்பு, சாவு. வெளியூரில் வாழும் நமக்கு இவற்றோடு இன்னொன்றும் உண்டு. நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கும். 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே புறப்பட்டு வா' என்று ஊரிலிருந்து அண்ணன் சொல்வார். அந்த நேரத்தில் பயணச் செலவுக்காக அக்கம்பக்கத்துக் கதவைத் தட்டி நிற்பதைப் போன்ற துன்பம் வேறு இல்லை. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கப் போதிய பணம் கையில் இல்லாமல் பிந்திப்போனவர்களை நான் அறிவேன். அவர்கள் கடனை அடைத்துவிட்டார்கள். அந்த வருத்தத்தை இன்னும் அடைக்க முடியவில்லை. ஆதலால் ஒவ்வொரு குடும்பமும் குடும்பம் முழுவதும் ஊர் போய் வரும் அளவுக்கு ஒரு தொகையை 'ஊர்ப் பணம்' என்று பெயரிட்டு, வேறெதற்கும் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் 'மூன்று வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். அந்தச் சொல்லைக் கேட்டாலே நம் பாட்டிமார் நடுங்குவார்கள். கொடிய வட்டியைத் தடுக்க 2003-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே வந்தது. ஆனால் இன்று கடன் அட்டையில் பாக்கி வைத்தால் பல அட்டைகளுக்கு மாத வட்டி மூன்று விழுக்காட்டுக்கும் மேல்! இருபதினாயிரம் ரூபாய் பாக்கிக்கு மாதம் அறுநூறு, ஆண்டுக்கு ஏழாயிரத்து இருநூறு ரூபாய் வட்டியாகவே போகும்; முதல் அப்படியே நிற்கும். திண்ணையில் அமர்ந்து கேட்டால் கந்துவட்டி, பளபளக்கும் அட்டையில் வந்தால் நாகரிகமா? கைப்பேசிச் செயலிகள் தரும் கடன் இன்னும் பொல்லாதது. வாங்கியவரின் உறவினர்க்கெல்லாம் தொலைபேசியில் அழைத்து அவமானப்படுத்திய கொடுமைகள் நடந்ததால், 2022-இல் ரிசர்வ் வங்கி இத்தகைய கடனுக்கு விதிகள் வகுத்தது. இளைஞர்கள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

சரி, சேமித்ததை எங்கே வைப்பது? நம் தாய்மார்களின் சிறுவாட்டை நான் தலைவணங்கிப் போற்றுகிறேன். அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் அவர்கள் மறைத்து வைத்த பணம் காப்பாற்றிய குடும்பங்கள் எத்தனை! ஆனால் 2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்கள் செல்லா என்று அறிவித்தபோது அந்தச் சிறுவாடு எல்லாம் வெளியே வர நேர்ந்தது. தாய்மார்களே, சிறுவாட்டை விட்டுவிடாதீர்கள்; ஆனால் அதை உங்கள் சொந்தப் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ இடுங்கள். பானையில் கிடக்கும் பணத்தை விலைவாசி அரித்துக்கொண்டே இருக்கும்.

அஞ்சலகச் சேமிப்பு வங்கி இந்நாட்டில் 1882 முதல் நடந்து வருகிறது. 1968-இல் தொடங்கிய பொது வருங்கால வைப்பு நிதியில் ஆண்டுக்கு ஐந்நூறு ரூபாய் செலுத்தினாலும் கணக்கு நிற்கும். மாதம் ஐந்நூறு ரூபாய் பதினைந்து ஆண்டு செலுத்தினால் நாம் இட்டது தொண்ணூறாயிரம்; ஏழு விழுக்காடு கூட்டு வட்டி கிடைத்தால் அது ஒன்றரை இலட்சத்தைத் தாண்டும். பெண் குழந்தை உள்ளவர்களுக்கு 2015-இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டம் உண்டு. தங்கம் ஆபத்துக்கு உதவும் என்பது உண்மையே. ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலி, சேதாரம், 2017 முதல் மூன்று விழுக்காடு வரி ஆகியவை சேர்கின்றன. விற்கும்போது அவை திரும்பி வருவதில்லை.

நம்மவர் சீட்டும் மராட்டியர் 'பிஷி'யும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். பழகியவர்களுக்குள் நடக்கும் சிறு சீட்டில் நம்பிக்கைதான் ஈடு. பெருந்தொகை என்றால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், கூச்சப்பட்டவர்கள்தாம் ஏமாந்தவர்கள். வங்கியிலும் எல்லாவற்றையும் ஓரிடத்தில் இட வேண்டாம். 2019-இல் இந்நகரிலேயே ஒரு கூட்டுறவு வங்கியில் பணம் போட்டவர்கள், தொடக்கத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் வீதியில் நின்றார்கள். 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து இலட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. அந்த எல்லையை நினைவில் வையுங்கள்.

அரசு ஊழியர்க்கும் ஒரு சொல். 2004 சனவரி முதல் நாளுக்குப் பின் மத்திய அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய முறை ஓய்வூதியம் இல்லை என்றாயிற்று. 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் ஒரு தெரிவாக வந்துள்ளது. எந்தத் திட்டமாயினும் நம் தந்தையர் காலத்து நிம்மதியை நம்பி உறங்கிவிடக் கூடாது. தனியார் துறையிலும் கடைகளிலும் உழைப்பவர்களுக்கு இக்கவலை இரட்டிப்பானது.

நிறைவாக வள்ளுவப் பெருந்தகையை நினைத்துக்கொள்கிறேன். வருவாய்க்கும் செலவுக்கும் உரிய அளவை அவர் எங்கே பேசுகிறார் தெரியுமா? பொருட்பாலில், 48-ஆம் அதிகாரமாகிய வலியறிதலில்! போருக்குப் புறப்படும் அரசன் தன் பலத்தையும் பகைவன் பலத்தையும் எடைபோட வேண்டும் என்று தொடங்கும் அதிகாரத்தின் முடிவில், வரவின் அளவறிந்து வாழ்வதைச் சொல்கிறார். இதிலிருந்து நான் அறிவது ஒன்றே: வரவறிதல் என்பது அஞ்சுபவனின் செயல் அன்று; தன் வலிமை அறிந்தவனின் செயல்.

பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்தவர்கள் நாம். நமக்கு இங்கே நிலம் இல்லை, பங்காளி இல்லை; நம் உழைப்பும், நம் சேமிப்பும், இச்சங்கத்தின் உறவுமே துணை. இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் ஒரு தாளில் உங்கள் தேதி தெரிந்த செலவுகளை எழுதுங்கள். அடுத்த சம்பளத்தில் ஊர்ப் பணத்துக்கு முதல் நூறு ரூபாயை ஒதுக்குங்கள்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!