கீழ்ப்பல் முந்தினால் காத்திருக்கலாமா?



இப்பாடசாலையில் படித்துப் பல்வைத்தியத் துறைக்குச் சென்ற எங்களிடம் தாய்மாரும் அம்மம்மாமாரும் அடிக்கடி கேட்பது இது: "பிள்ளைக்குக் கீழ்ப்பல் முன்னுக்கு நிற்குது. பாற்பல் எல்லாம் விழுந்தாப் பிறகு கம்பி போடலாம்தானே?"

நெருங்கி முளைத்த பற்களுக்கு அந்த எண்ணம் பெரும்பாலும் பொருந்தும். இதற்குப் பொருந்தாது.

வாயை மூடும்போது மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று வெளியே நிற்கவேண்டும். சில பிள்ளைகளில் பற்கள் மட்டுமே இடம்மாறி நிற்கும். கழற்றிப் போடும் தகடு சில மாதங்களில் அதைத் திருத்திவிடும். வேறு சிலரில் தாடை எலும்பே காரணம். கீழ்த்தாடை நீண்டுவிட்டது என்றே எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் பலரில் மேல்தாடைதான் வளர்ச்சியில் பின்தங்கியிருக்கும்.

மேல்தாடையை முகத்தின் மற்ற எலும்புகளோடு சேர்க்கும் பொருத்துகள் சிறுவயதில் இறுகியிருப்பதில்லை. அதனால் பத்து வயதுக்கு முன், நெற்றியிலும் நாடியிலும் தாங்கும் முகச்சட்டம் ஒன்றை அணிவித்து, றப்பர் வளையங்களால் மேல்தாடையை முன்னே இழுக்கலாம். நாளுக்கு 12 முதல் 14 மணித்தியாலம் வேண்டும். பின்னேரமும் நித்திரையிலும் அணிந்தால் போதும். பாடசாலைக்குப் போட்டுவரத் தேவையில்லை.

பிரித்தானியாவில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இரு பிரிவாக்கி ஆறு வருடம் அவதானித்தார்கள். சட்டம் அணிந்தவர்களில் 36 வீதத்தினருக்கும், அணியாதவர்களில் 66 வீதத்தினருக்கும் தாடைச் சத்திரசிகிச்சை தேவைப்படும் என்று நிபுணர்கள் கணித்தார்கள்.

அந்த 36 வீதத்தையும் மறைக்கக்கூடாது. கீழ்த்தாடை பதின்ம வயது முடியும்வரை வளரும்; பரம்பரை வலிமையாக இருந்தால் பல் மீண்டும் முந்தலாம். அப்போது வளர்ச்சி நின்றபின் சத்திரசிகிச்சை செய்ய நேரும். அது தாயின் குற்றமுமல்ல, பிள்ளையின் அசட்டையுமல்ல.

ஆகவே, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், ஏழு வயதில் நிரந்தர முன்பற்கள் முளைக்கும்போதே பிள்ளையைக் காட்டுங்கள். இங்குள்ளோர் பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் தொடங்கலாம். தேவையென்றால் பல்சீரமைப்பு நிபுணரிடம் அனுப்புவார்கள். "அப்பப்பாவின் நாடி, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். அப்பப்பாவுக்கும் அப்படி இருந்ததென்றால், அதுவே நேரத்தோடு காட்டுவதற்குக் காரணம்.

ஆசிரியைகளாக இருக்கும் சகோதரிகளிடமும் ஒன்று கேட்கிறோம். வகுப்பில் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளையைக் கண்டால், பட்டப்பெயர் ஒட்டுமுன் தாயிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.