கல்யாணம் முடிந்து லண்டன் போகும் பெண் வேலைக்குப் போகலாமா?

(நமது சங்கத்தின் சென்ற மாதக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருக்கிறார் செயலாளர். அவருக்கு நன்றி. நம் குடியிருப்பிலேயே இரண்டு வீடுகளில் பெண்ணுக்கு பிரிட்டன் மாப்பிள்ளை நிச்சயமாகியிருக்கிறது. "அங்கே போனால் பெண் வேலைக்குப் போக முடியுமா?" என்று லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் என்னைக் கேட்கிறார்கள். என் மகளும் அப்படிப் போனவள்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகலாம். இறங்கிய மறுநாளே போகலாம்.

இது எங்களுக்கு அன்று தெரியாது. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த ஏஜென்ட், "டிபெண்டென்ட் விசாதானே, வேலை செய்யக் கூடாது" என்று சொன்னார். நாங்களும் நம்பினோம். இங்கே ஆறு வருஷம் கணக்குத் துறையில் வேலை பார்த்தவள், அங்கே நாலு மாதம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் விசா கடிதத்தை அவளே வரி வரியாகப் படித்தாள். அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. வேலை செய்யக் கூடாது என்று எந்த இடத்திலும் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் அமெரிக்கா. அங்கே ஹெச்-1பி விசாவில் இருப்பவரின் மனைவிக்கு ஹெச்-4 விசா. 2015-க்குப் பிறகு சிலருக்குத் தனி அனுமதி கிடைக்கிறது. மற்றவர்களால் வேலை செய்ய முடியாது. அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு, எல்லா நாட்டுக்கும் அதே சட்டம் என்று நினைத்துவிடுகிறோம்.

பிரிட்டன் குடிமகனையோ, அங்கே நிரந்தர வசிப்புரிமை உள்ளவரையோ மணப்பவருக்குக் கிடைக்கும் விசா வேறு வகை. அது அங்கேயே குடியேறுவதற்கான வழி. இங்கிருந்து விண்ணப்பித்தால் முதலில் 2 வருஷம் 9 மாதம். பிறகு இரண்டரை வருஷ நீட்டிப்பு. 5 வருஷம் முடிந்ததும் நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தக் காலம் முழுவதும் சம்பள வேலை, பகுதி நேர வேலை, சொந்தத் தொழில் எதுவும் செய்யலாம். ஆனால் விசா தருவது வேலை செய்யும் உரிமை மட்டும்தான். தொழில் உரிமம் அல்ல. டாக்டரும் நர்ஸும் அந்தந்த கவுன்சிலில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலையை இங்கிருக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது.

இப்போது கவனிக்க வேண்டியவை.

முதலாவது, கல்யாணத்தை எங்கே வைப்பது என்பது. "அங்கேயே வைத்துக்கொள்ளலாம்" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், பெண் நிச்சயம் ஆனவருக்கான ஆறு மாத விசாவில் போக வேண்டும். அதில் வேலை செய்ய அனுமதி கிடையாது. கல்யாணம் முடிந்து, அங்கேயே மனைவி விசாவுக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வரும்வரை அந்தத் தடை தொடரும். இங்கேயே கல்யாணம் செய்து, பதிவுச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் இந்தச் சிக்கலே இல்லை. நம் மாநிலத்தில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணப் பதிவு எப்படியும் கட்டாயம்தான்.

இரண்டாவது, அத்தாட்சி. முன்பு பிளாஸ்டிக் அட்டை இருந்தது. இப்போது எல்லாம் இ-விசா. வேலை கொடுப்பவர் 'ஷேர் கோடு' கேட்பார். அரசு இணையதளத்தில் தன் கணக்கிலிருந்து பெண்ணே அதை எடுத்துக் கொடுக்கலாம். 90 நாள் செல்லும். நேஷனல் இன்ஷூரன்ஸ் எண் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். வேலை செய்யும் உரிமையைக் காட்ட முடிந்தால் அது வருவதற்கு முன்பே சேரலாம்.

மூன்றாவது, தேதி. விசா முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரத் தாமதமானாலும் வேலை உரிமை தொடரும். ஒரு நாள் தவறினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்குப் பெரிய அபராதம் என்பதால், அவர்கள் தயங்காமல் நிறுத்திவிடுவார்கள்.

நான்காவது, வருமானம். 2024 ஏப்ரலிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்கள் பொதுவாக ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். முதல் தடவை பெண்ணின் சென்னைச் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. நீட்டிப்பின்போது அவள் பிரிட்டனில் வாங்கும் சம்பளம் சேரும். ஆக, அவள் வேலைக்குப் போவது வீட்டுச் செலவுக்கு மட்டும் அல்ல, விசாவுக்கும் பலம்.

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இ-விசா கணக்கின் பாஸ்வேர்டு பெண்ணிடம் இருக்கட்டும். அவள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கும் இருக்கட்டும். மாப்பிள்ளை தங்கமான பையனாக இருந்தாலும் இது வேண்டும். "நீ வேலைக்குப் போனால் விசா போய்விடும்", "என்னை விட்டுப் போனால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள்" என்று மிரட்டும் வீடுகளும் உண்டு. முதலாவது பொய். இரண்டாவதை வைத்தும் யாரையும் கட்டிப்போட முடியாது. வீட்டு வன்முறையால் மணவாழ்க்கை முறிந்தால், கணவர் தயவில்லாமலே நிரந்தர உரிமைக்கு விண்ணப்பிக்க அங்கே சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு முன் கையில் பணமில்லாமல் தவித்தால், மூன்று மாதத் தற்காலிக அனுமதியும் அரசு உதவியும் கேட்கலாம்.

விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டுவதற்கு முன் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள். ஏஜென்ட் படித்துச் சொல்வார் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி.

என் மகள் இப்போது வேலையில் இருக்கிறாள். அந்த நாலு மாதத்தை மட்டும் இன்னும் சொல்லிக் காட்டுவாள். உங்கள் வீட்டுப் பெண் அப்படிச் சொல்லும்படி ஆக வேண்டாம்.