மதிப்பீடும் கம்ப்யூட்டரும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. அரசுப் பணியில் எஸ்டிமேட் போட்டே காலம் தள்ளியவன். "அதையே பேசேன்ப்பா" என்றார்கள். வந்துவிட்டேன்.

எங்கள் ஆபீசுக்கு 1992-ல் முதல் கம்ப்யூட்டர் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவோம். லோட்டஸ் 1-2-3 கற்றுக்கொண்டு, கட்டி முடித்த பன்னிரண்டு கட்டடங்களின் கணக்கை எடுத்தேன். அஸ்திவாரத்துக்குச் சதுர மீட்டருக்கு இவ்வளவு, மேற்கட்டுமானத்துக்கு இவ்வளவு, ஒயரிங், தண்ணீர்க் குழாய்க்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டேன். பழைய ரேட்டை நடப்பு விலைக்கு ஏற்றிவிட்டால் போதும். பரப்பளவைத் தட்டியதும் தொகை வந்து நிற்கும். மூன்று நாள் வேலை பத்து நிமிஷத்தில்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம், கரிசல் பூமி ஊர் ஒன்றில் மகப்பேறு வார்டு. 46 லட்சம் என்று வந்தது. மேலதிகாரி பார்த்தார். "நாற்பதுக்குள்ள கொண்டு வாங்க, இல்லேன்னா இந்த வருஷம் சாங்ஷன் ஆகாது" என்றார். எங்கே குறைப்பது? சுவரில் குறைத்தால் தெரிந்துவிடும். மண்ணுக்கடியில் இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? மண் பரிசோதனை ரிப்போர்ட்டும் வந்திருக்கவில்லை. அண்டர்ரீம்டு பைல் என்றிருந்ததைச் சாதாரண ஃபூட்டிங் என்று மாற்றினேன். எதிர்பாராச் செலவுக்கு வைத்திருந்ததையும் எடுத்தேன். 39 லட்சத்து 80 ஆயிரம். பிரிண்டரில் அழகாக வந்தது. கம்ப்யூட்டர் தொகை என்பதால் ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை.

குழி தோண்டினால் ஒன்பது அடிக்கும் கரிசல். மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கிற மண். பைல் இல்லாமல் முடியாது. பைலிலேயே பணம் கரைந்து, லிண்டல் மட்டத்தில் வேலை நின்றது. திருத்திய மதிப்பீடு, மறு ஒப்புதல், ஒப்பந்தக்காரரோடு ரேட் தகராறு என்று இரண்டு வருஷம். முடிந்தபோது 61 லட்சம். அதுவரை பழைய வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர், மிச்சப் பேர் பாயில். ஒருநாள் இன்ஸ்பெக்‌ஷன் போனபோது, பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் தாயார், "ஐயா, அந்தக் கட்டடம் எப்ப தெறப்பீங்க?" என்று கேட்டார். "சீக்கிரம்மா" என்றேன். அதுவும் ஓர் எஸ்டிமேட்தான்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். சிட்னி ஆபரா ஹவுசுக்கு 1957-ல் போட்ட மதிப்பீடு, டாலர் கணக்கில் 70 லட்சம். 1973-ல் திறந்தபோது 10 கோடியே 20 லட்சம். சிப்பி மாதிரிக் கூரையை எப்படிக் கட்டுவது என்று தெளிவாகும் முன்பே, 1959-ல் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். பெரும்பகுதிப் பணம் லாட்டரிச் சீட்டில் வந்தது. நமக்கு அந்த வசதியும் கிடையாது!

பிரிட்டனில் 2002-ல் பழைய அரசுத் திட்டங்களை ஆராய்ந்தார்கள். சாதாரணக் கட்டடத்துக்கு ஆரம்ப மதிப்பீட்டின் மேல் 24 சதவீதம் வரை, வழக்கத்துக்கு மாறான கட்டடத்துக்கு 51 சதவீதம் வரை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று வந்தது. மண்ணும் டிசைனும் தெளிவாகத் தெளிவாக அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

இன்றைய மென்பொருள் சிமெண்ட், கம்பி விலைகளை மேலும் கீழும் மாற்றிப் பத்தாயிரம் தடவை கணக்குப் போடுகிறது. ஒரு தொகைக்குப் பதில், இதிலிருந்து இதுவரை என்று சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கோப்பில் தொகை எழுத ஒரே கட்டம்தானே இருக்கிறது! அதன் பக்கத்தில் 'மண் பரிசோதனை இல்லாமல் போட்டது' என்று நாலு வார்த்தை எழுத எந்த மென்பொருளும் வேண்டியதில்லை. பேனா என் பையில்தான் இருந்தது. நான் எழுதவில்லை.

நேரமாகிறது. சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று போன வாரம் செயலாளர் கேட்டார். "120-லிருந்து 150" என்றேன். "ஒரே நம்பரா சொல்லுடா" என்று கோபித்துக்கொண்டார். 140 இலை போட்டிருக்கிறார்களாம். போய்ப் பார்ப்போம், வாருங்கள்.