கட்டில் காலில் நேர்ப்பள்ளம்



கர்நாடகத்தின் சன்னபட்டணா மரப்பொம்மைகளைப் பார்த்திருப்பீர்கள். கடைசலில் சுழலும் மரத்தில் உளி வைத்தால் உருண்டை வடிவம் வரும். ஆனால் கட்டில் காலில் மேலிருந்து கீழாக ஓடும் பள்ளம் அப்படி வராது. அதற்கு மரம் அசையக் கூடாது. ரூட்டர் மெஷின்தான் நகர வேண்டும்.

மரத்தைச் சுற்றி, மேலே திறந்த பலகைப் பெட்டி பொருத்துங்கள். அதன் விளிம்பின்மேல் ரூட்டர் நேராக நகரும்.

வட்டப் பலகை ஒன்றில் சம இடைவெளியில் 24 துளை போடுங்கள். கடைசலின் தலையில் மாட்டுங்கள். 8 பள்ளம் வேண்டுமா? 24ஐ 8ஆல் வகுத்தால் 3. மூன்று மூன்று துளையாகத் திருப்பி, ஆணி செருகி நிறுத்துங்கள். கணக்குத் தப்பினால் மரம் வீண்.

முதலில் கடைசலின் மின்இணைப்பைத் துண்டியுங்கள். மரம் போனால் வேறு மரம் வாங்கலாம். விரல் போனால்?