வடிகட்டியைத் தாக்கும் ஊசி

(குடிபாலா உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நான் டாக்டர் அல்ல. மருந்தியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அந்தப் பாடம் என் வீட்டுக்கே உதவவில்லை. எழுபத்திரண்டு வயதான என் அத்திம்பேருக்குக் காய்ச்சல் என்று ஒரு கிளினிக்கில் பத்து நாள் ஜென்டாமைசின் ஊசி போட்டார்கள். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை வேறு. சிறுநீர் தாராளமாகப் போயிற்று; நாங்களும் கவலைப்படவில்லை. பன்னிரண்டாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிரியேட்டினின் 4.2!

மதனபள்ளி ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியத்தைப் பெரியவர்கள் அறிவீர்கள். அது தொடங்கிய 1915இல் நல்ல காற்றும் ஓய்வும்தான் காசநோய்க்கு மருந்து. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதே குடும்பத்தில் 1963இல் வந்தது ஜென்டாமைசின். எத்தனையோ உயிர்களைக் காத்த குடும்பம் இது. ஆனால் சிறுநீரகத்திடம் சற்றுக் கடுமை.

நம் சிறுநீரகங்கள் தினமும் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியை நுண்குழாய் உயிரணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. அவற்றின் வாசலில் மெகாலின் என்ற புரதம் காவல் நிற்கிறது. வடிந்து வரும் நல்ல புரதங்களை உள்ளே அழைப்பது அதன் வேலை. ஜென்டாமைசினையும் விருந்தாளி என்றெண்ணி உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே வந்த மருந்து, கழிவைச் செரிக்கும் லைசோசோம் பைகளில் சேர்கிறது. அங்கே கொழுப்பைச் சிதைக்கும் நொதிகளைத் தடுக்கிறது. பை உப்பி உடைகிறது. வெளிவந்த மருந்து, உயிரணுவின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவைத் தாக்குகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் ஆதி வம்சமே பாக்டீரியாதான். ஆகவே பாக்டீரியாவுக்கு எய்த அம்பு இதன்மீதும் பாய்கிறது. உயிரணு மடிகிறது.

அப்படியானால் சிறுநீர் ஏன் குறையவில்லை? அடிபட்ட குழாய்க்கு நீரைத் திரும்ப உறிஞ்சும் சக்தி குறைந்துவிடும். அதனால் நீர்த்த சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும். இதுதான் எங்களை ஏமாற்றியது.

ஊசியை நிறுத்தியதும் புது உயிரணுக்கள் முளைத்தன. இரண்டு மாதத்தில் கிரியேட்டினின் 1.6க்கு இறங்கியது. பழைய 1.0 திரும்பவே இல்லை.

மருந்தைக் கண்டு பயப்படாதீர்கள். கடும் தொற்றில் அதுவே உயிர் காக்கும். ஆனால் இந்த வகை ஊசி என்றால், தொடங்கும் முன்பும் இடையிலும் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வலி மாத்திரை சாப்பிடுவதையும், வாந்தி, பேதி இருந்ததையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நான் கேட்காமல் விட்ட கேள்வியை நீங்களாவது கேளுங்கள்.