வெட்கப்பட வேண்டியவர் யார்?

(உலக எய்ட்ஸ் தினக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகருக்கு அருகே குவாமாஷு என்ற உழைப்பாளி மக்களின் குடியிருப்பு இருக்கிறது. அங்கே வாழ்ந்த குகு டிலாமினி என்ற பெண்மணி, 1998ம் ஆண்டு எய்ட்ஸ் தினத்தன்று, தமக்கு எச்.ஐ.வி. கிருமி தொற்றியிருப்பதைப் பகிரங்கமாகச் சொன்னார். அந்த மாதமே ஒரு கும்பல் அவரை அடித்துக் கொன்றது. அவர் செய்த குற்றம் என்ன? உண்மையைச் சொன்னதுதான்!

அண்டை அயலார் இதிலிருந்து என்ன பாடம் கற்பார்கள்? இரத்தப் பரிசோதனைக்குப் போகாதே. போனாலும் வெளியே சொல்லாதே. மருந்தை ஒளித்து வை! பரிசோதனை இல்லையேல் சிகிச்சை இல்லை. சிகிச்சை இல்லையேல் கிருமி கணவனுக்கும் மனைவிக்கும், பிறக்கப்போகும் குழந்தைக்கும் பரவும். ஆகவே, நோயாளி மீது சுமத்தும் அவமானம் அவரை வதைப்பதோடு நிற்பதில்லை, நோயையும் வளர்க்கிறது. இதை நாம் மறந்துவிடலாகாது.

ஆனால் அந்நாட்டு மக்கள் அஞ்சி ஒடுங்கிவிடவில்லை. அதே 1998 டிசம்பரில் சிகிச்சை உரிமை இயக்கம் ஒன்று பிறந்தது. நோயுள்ளவரும் இல்லாதவரும் 'எச்.ஐ.வி. உள்ளவர்' என்று பொறித்த ஒரே சட்டையை அணிந்து தெருவில் இறங்கினார்கள். யாரைப் பிரித்து ஒதுக்குவது? முடியாமற் போயிற்று! சர்க்கார் மீது வழக்கும் தொடுத்தார்கள். பிரசவத்தின்போது குழந்தைக்கு நோய் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் தாய்மார்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2002ல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005ல் நெல்சன் மண்டேலா, தமது மகன் எய்ட்ஸ் நோயால் இறந்தார் என்று நாடறியக் கூறினார்.

இன்று நிலைமை என்ன? தினமும் மருந்து உண்டு, பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமியை அடக்கி வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் அது பிறருக்குத் தொற்றுவதில்லை. தொட்டாலோ, ஒரே தட்டில் உண்டாலோ அது என்றுமே தொற்றியதில்லை.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2017ல் நிறைவேறி, 2018 முதல் அமலில் இருக்கும் அச்சட்டம், இந்நோயைக் காரணம் காட்டி வேலையோ, வைத்தியமோ, படிப்போ, வாடகை வீடோ மறுப்பதைத் தடை செய்கிறது. ஏட்டிலுள்ள சட்டத்துக்கு உயிர் கொடுக்க வேண்டியவர்கள் நாம்.

ஒரு தோழருக்கு இந்நோய் என்று தெரிந்தால் அவரருகே அமர்ந்து உண்போம். அவர் சம்மதமின்றி அதை யாரிடமும் சொல்லோம். அவரை வேலையிலிருந்து விரட்ட வந்தால் நாம் அனைவரும் முன்னே நிற்போம். வெட்கப்பட வேண்டியவர் நோயாளி அல்ல, அவரை விரட்டுகிறவர்களே!