சீன மொழி இணையத்தில் தேடும் முறை

தன்னார்வ ஆவணப் பணியாளர்களுக்கான பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



தமிழ் என்னும் மொழிப்பெயரைச் சீனத்தில் எழுதும் முறை இடத்துக்கு இடம் மாறுகிறது. சீனப் பெருநிலத்தில் 'தைமிஅர்' என ஒலிக்கும் மூன்று எழுத்துகளால் எழுதுவர். சிங்கப்பூர்ச் சீனர் முதலெழுத்தை மாற்றித் 'தான்மிஅர்' என எழுதுவர். தைவானில் வேறொரு முதலெழுத்தும் வழக்கில் உண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் தேடுபொறியில் இடுபவர் ஏனைய இடங்களின் எழுத்துகளைப் பெரிதும் இழந்துவிடுவார்.

இலங்கையின் நிலையும் இதுவே. இன்றைய பெயர் 'ஸிலிலான்கா'. ஆங்கிலேயர் கால நூல்களில் 'ஷிலான்'. ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி பாசியானின் பயணக் குறிப்பில் அது 'சிங்க நாடு'. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் 1409-ஆம் ஆண்டிடப்பட்டு, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ நிறுவிய காலிக் கல்வெட்டைப் பற்றிச் சீன அறிஞர் எழுதியவற்றைத் தேடுவோர் இன்றைய நாட்டுப்பெயரோடு நின்றுவிட்டால் போதாது. அக்கல்வெட்டு அங்கே 'ஷிலான்ஷான் புத்தர் கோயில் கொடைக் கல்வெட்டு' என்ற பெயரால் அறியப்படுகிறது. ஆதலால் தேடலின் முதற்படி பெயர்ப்பட்டியல் ஒன்றை வரைவதே. காலம், நாடு, எழுத்துமுறை ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே பெயர்களைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பெருநிலமும் சிங்கப்பூரும் எளிய எழுத்தையும், தைவானும் ஆங்காங்கும் மரபெழுத்தையும் கையாள்கின்றன. எழுத்தை மாற்றித் தரும் கருவிகள் உள்ளன. ஆனால் சொல்லே வேறாகும் இடத்தில் அவற்றுட் பல கைவிட்டுவிடும். மென்பொருளைப் பெருநிலத்தார் 'ருவான்ஜியன்' என்பர். தைவானியர் 'ருவான்தி' என்பர்.

இயந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்ட பின் இத்தனை பாடு எதற்கு என்று கேட்கப்படுகிறது. கிடைத்த பக்கத்தைப் படிக்க அது உதவும். தேடுசொல்லைத் தேர்வதில் அதை நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். சிஞ்சியாங் மாநிலத்து உய்குர் மக்கள் அடைத்து வைக்கப்பட்ட முகாம்கள் இதற்குத் தக்க சான்று. 'மறுகல்வி முகாம்' என்ற தொடரை மொழிபெயர்த்து இட்டால் வெளிநாட்டார் எழுதியவையே மிகுதியாக வரும். சீன அரசு அலுவலகங்கள் அச்சொல்லைக் கையாளவில்லை. 'கல்விவழி மாற்றம்' எனப் பொருள்படும் 'ஜியாவ்யூ சுவான்ஹுவா' என்றும், பின்னர் 'தொழில்திறன் கல்விப் பயிற்சி மையம்' என்றும் எழுதின. அச்சொற்களோடு, ஒப்பந்தப்புள்ளி கோரலைக் குறிக்கும் 'சாவ்பியாவ்', ஒப்பந்தம் கிடைத்தமையைக் குறிக்கும் 'சோங்பியாவ்', கொள்முதலைக் குறிக்கும் 'சாய்கோ' ஆகியவற்றைச் சேர்த்துத் தேடியபோது கதவு திறந்தது. செருமானிய ஆய்வாளர் ஆத்ரியன் சென்சு உள்ளிட்டோர் 2018-இல் இவ்வாறு அரசுக் கொள்முதல் அறிவிப்புகளைத் திரட்டினர். பயிற்சி மையம் எனப்பட்ட கட்டடங்களுக்கு உயர்ந்த சுற்றுச்சுவரும் முள்கம்பியும் கண்காணிப்புக் கோபுரமும் வாங்கப்பட்டமை அவற்றில் எழுதப்பட்டிருந்தது. கனடாவில் சட்டம் பயின்ற சீன மாணவர் ஒருவர் அந்த அறிவிப்புகளின் முகவரிகளைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டார். 2018 ஆகத்தில் செனீவாவில் ஐ.நா. குழுவின் முன் மறுகல்வி முகாம்களே இல்லை என்று மறுத்த சீன அரசு, அக்டோபரில் மாநிலச் சட்டத்தைத் திருத்தி 'பயிற்சி மையங்களுக்கு' இடமளித்தது. எந்த இரகசியக் கோப்பும் களவாடப்படவில்லை. வாங்குவதை அறிவித்தே ஆகவேண்டும் என்ற அலுவலக நடைமுறையே சான்றைத் தந்தது.

எங்கே தேடுவது என்பதும் பெயரறிவைப் போலவே இன்றியமையாதது. கூகுள் 2010 மார்ச்சில் தன் சீனத் தேடற்பணியை ஆங்காங்குக்குத் திருப்பிவிட்டது. பெருநிலத்துப் பக்கங்களுக்குப் பைடுவே பெரிய வாயில். எனினும் அதன் கண்ணுக்குப் படாதவை ஏராளம். குறிப்பாக, வீச்சாட்டின் பொதுக்கணக்குகளில் வெளியாகும் கட்டுரைகளை அது பெரிதும் காட்டாது. அவற்றுக்குச் சோகோவின் தனித்தேடல் உதவிவந்துள்ளது. சீன எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லையாதலின் முழுத்தொடரை மேற்கோட்குறிக்குள் இடுவது நன்று. இல்லையேல் பொறி அதைத் தன் விருப்பம்போல் வெட்டிக்கொள்ளும். 'சைட்' கட்டளையோடு 'ஜிஓவி டாட் சிஎன்' எனத் தளத்தைக் குறுக்கினால் அரசுப் பக்கங்கள் மட்டும் வரும். மாவட்ட, நகர அளவிலான பக்கங்களையே முதலில் பார்க்க வேண்டும். தலைநகரம் மறைப்பதைச் சிற்றூர் அலுவலகம் பெருமையோடு வெளியிட்டுவிடுகிறது!

ஆனால் வாயில்கள் ஒவ்வொன்றாய் அடைபடுகின்றன. அரசுத் தளங்கள் பல வெளிநாட்டு இணைப்புகளுக்குத் திறப்பதில்லை. சிஎன்கேஐ என்னும் பெரும் ஆய்வுத்தரவகம் 2023 ஏப்ரல் முதல் ஆய்வேடுகளையும் புள்ளிவிவர ஆண்டேடுகளையும் வெளிநாட்டு நூலகங்கள் பலவற்றுக்கு நிறுத்தியது. பைடுவின் பழம்பக்கப் படி 2022-இலும் கூகுளுடையது 2024-இலும் மறைந்தன. சிஞ்சியாங் அறிவிப்புகள் பலவும் செய்தி பரவிய பின் நீக்கப்பட்டன. எனவே கண்ட பக்கத்தைக் கண்ட பொழுதே வேபேக் மெசினிலும் ஆர்க்கைவ் டுடேயிலும் பதிந்து, பதிவு சரியாக விழுந்ததா எனத் திறந்து பார்த்து, முகவரியும் நாளும் நேரமும் குறித்து, ஒரு படியைச் சொந்தக் கணினியிலும் வைத்தல் வேண்டும். நாளைக்கு என ஒத்திவைத்த பக்கம் நாளை இராது.

2020 மார்ச் 10 அன்று 'ரென்வு' இதழ், வூகான் மருத்துவர் ஆய் பென் கொரோனா குறித்துத் தாம் முன்பே எச்சரித்ததைக் கூறிய நேர்காணலை வெளியிட்டது. அன்றே அது நீக்கப்பட்டது. மக்கள் அதைத் தலைகீழாகவும், மோர்சுக் குறியாலும், முகக்குறிகளாலும், பண்டை எலும்பெழுத்தாலும் எழுதித் திரும்பத் திரும்ப ஏற்றினர். இத்தகைய நீக்கப்பட்ட கட்டுரைகளை 'டெர்மினசு 2049' என்ற பெயரில் கிட்ஹப்பில் சேமித்துவந்த இரு இளைஞர் 2020 ஏப்ரலில் பெய்ஜிங்கில் பிடிக்கப்பட்டனர். 2021 ஆகத்தில் இருவருக்கும் 15 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அயலகத்தில் இருந்து தேடுவோர்க்கு இழப்பு மின்சாரமும் உறக்கமும் மட்டுமே. எழுதியவர்க்கும் சேமித்தவர்க்கும் அவ்வாறன்று. ஆதலால் சிறிய தனியாள் கணக்கொன்றில் கிடைத்த சான்றை வெளியிடுமுன், அவரது பெயரும் படமும் தேவைதானா என்று இருமுறை எண்ணிப் பார்த்து, தேவையில்லையேல் மறைத்துவிட வேண்டும்.

பயிற்சிக்கு ஏற்ற ஆவணம் ஒன்று. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த சீன நிறுவனம் ஆங்காங்குப் பங்குச்சந்தையில் பதிவானது. 2017 சூலையில் 112 கோடி அமெரிக்க டாலர் பெறுமதியான அவ்வுடன்பாட்டை அது சந்தைக்கு அறிவித்தது. அச்சந்தையின் தளத்தில் அறிவிப்புகள் சீனத்திலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துக் குத்தகை, பங்கு, சலுகைக்காலம், துறைமுக எல்லை ஆகியவற்றுக்கான சீனச் சொற்களைப் பெயர்த்தெடுத்து, அவற்றை எளிய எழுத்துக்கு மாற்றிப் பைடுவில் இட்டுப் பார்க்கலாம். அடுத்த அமர்வுக்கு வருவோர் தத்தம் பெயர்ப்பட்டியலோடு வருக.